அழிப்பு நிலுவையில்

பரிசோதனைக்கூடத்தில் அவளை முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பூட்டு மேடம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற ஆட்களுக்கு நிறுவனம் ஆளுக்கொரு போன் கொடுத்திருந்தது. ரத்தம் எடுத்து முடித்ததும் நோயாளி தன் வங்கி அட்டையை அந்தப் போனின் முதுகில் தட்டினால் போதும், கட்டணம் வந்துவிடும். அந்தப் போன்கள் அத்தனைக்கும் அவள்தான் காவல். திரை எவ்வளவு சீக்கிரம் பூட்டிக்கொள்ள வேண்டும், எதை உள்ளே வைக்கலாம், எதை வைக்கக்கூடாது, எல்லாம் அவள் போட்ட சட்டம்.

"கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள பூட்டிக்குது மேடம். கையில ஊசியை வெச்சுக்கிட்டு நான் நம்பர் போடுவேனா, நரம்பைத் தேடுவேனா?" என்று புலம்புவார்கள்.

"நரம்பைத் தேடுங்க. அப்புறம் கையுறையைக் கழட்டிட்டு நம்பர் போடுங்க" என்பாள். அதற்கு மேல் பேச்சு வளராது.

வீட்டிலும் இதே கதைதான். மாமனாரின் போனை அவள் பத்திரப்படுத்திக் கொடுத்ததிலிருந்து அவர் முடிவெட்டும் கடையில் போய் உட்கார்ந்துகொண்டு மகனுக்கு போன் அடிப்பார். "உன் பொண்டாட்டி போட்ட பூட்டுல என் காசு எனக்கே முகம் காட்ட மாட்டேங்குதுடா. பாதித் தலை வெட்டியாச்சு, வந்து என்னை மீட்டுட்டுப் போ." புருஷன் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போவான்.

அவள் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ஓர் ஆள் தன் போனைத் திறந்தபடியே டீக்கடை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அந்த இடைவெளியில் எவனோ அதை எடுத்து, வந்த கட்டணத்தையெல்லாம் திருப்பிக் கொடுப்பதாகத் தன் கணக்குக்கே அனுப்பிக்கொண்டான். ஆளுக்கு வேலை போயிற்று. அதற்குப் பிறகு அவள் எழுதிய சட்டம் இது: போன் கைவிட்டுப் போனது தெரிந்தால் முதலில் பூட்டு, யாராவது அதைத் திறக்கப் பார்க்கிறார்கள் என்றால் யோசிக்காமல் அழி.

அன்று மத்தியானம் அவள் அறை வாசலில் கொசு அண்ணன் வந்து நின்றார். ரத்தம் எடுக்கிறவர்களிலேயே கை சுத்தம் அவருக்குத்தான். ஊசி ஏறுவதே தெரியாது என்று நோயாளிகள் கேட்டு வாங்குவார்கள். உறிஞ்சினபிறகுதான் தெரியுது என்று கூட இருந்தவர்கள் கொசு என்று பேர் வைத்துவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. அன்றைக்கு மட்டும் முகத்தில் ஈயாடவில்லை. ரத்தக் குப்பிகள் வைக்கிற குளிர்பெட்டி தோளில் அப்படியே தொங்கியது.

"மேடம், ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா உள்ள வந்து சொல்லலாமே அண்ணா."

"போனைக் காணோம்."

அவள் நாற்காலியை அப்போதே திருப்பிவிட்டாள். திரையில் அவர் போனைத் தேடி எடுத்து, பூட்டும் கட்டளையை அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது. வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடைத்தெருவில் மெல்ல நகர்ந்தது.

"இந்தப் பக்கம் போனீங்களா?"

"இல்லையே. காலையில நாலு வீடு. எதுவும் அங்க இல்ல."

"அப்ப போன் மட்டும் தனியா நடந்து போகுதா?"

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் ஒரு சிவப்பு வரி வந்தது. தவறான எண். இன்னொன்று. மூன்றாவது. யாரோ திறக்கப் பார்க்கிறார்கள். அவள் கை தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போயிற்று.

"மேடம், வேணாம் மேடம். சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. நானே தேடிக் கொண்டாந்துடறேன்."

"அண்ணா, நெட் இல்லாத இடத்திலயும் காசு வாங்கணும்னு அதுக்கான சாவியைப் போனுக்குள்ளதான் வெச்சிருக்கோம். நோயாளிங்க முகவரி இருக்கு, யாருக்கு என்ன நோய்னு இருக்கு. அதைத் திறந்துட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். இருந்தாலும்..."

"இருந்தாலும்?"

அவர் குளிர்பெட்டியின் வாரை இழுத்து விட்டுக்கொண்டார். அவள் ஒரு கணம் காத்தாள். அவர் வாய் திறக்காததால் அழுத்திவிட்டாள்.

நீலப் புள்ளி சாம்பல் நிறமாக மாறியது. அழிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். கீழே வந்த வரியைப் பிறகுதான் படித்தாள். சாதனம் தொடர்பில் இல்லை. அழிப்பு நிலுவையில் உள்ளது. கட்டளை கிளம்பிய அதே வேளையில் போன் அணைந்திருக்கிறது. இனி எப்போது உயிர் வந்து சிக்னலைப் பிடிக்கிறதோ, அப்போது அழிந்துபோகும்.

கொசு அண்ணன் குளிர்பெட்டியைத் தரையில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் தம்பி அதுல இருந்தான் மேடம்" என்றார்.

பிறகு சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் தம்பியோடு சண்டை. என்ன சண்டை என்று கேட்டால் இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்கு அற்பமான சண்டை. இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். அவன் ஏறவில்லை. எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. அம்மா அதற்குப் பிறகு அவரிடம் சோறு கேட்பாள், மருந்து கேட்பாள், முகம் கொடுத்துப் பேசமாட்டாள். பரிசோதனைக்கூடத்தின் விளம்பரத்தில் ரத்தம் எடுப்பவர்களின் படமும் எண்ணும் போட்டிருந்தார்கள் அல்லவா, அதை எங்கிருந்தோ தம்பி பார்த்திருக்கிறான். இரண்டு நாளைக்கு முன்னால் அந்தப் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது.

"திருப்பிக் கூப்பிட்டீங்களா?"

"என்ன பேசறதுன்னு தெரியல. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அந்த நம்பர்ல இருப்பேன்னு சொல்லியிருந்தான். கப்பல்ல வேலைக்குப் போறானாம். மறுபடி தொந்தரவு பண்ண மாட்டேன்னான். பண்ண மாட்டான் மேடம், வீம்புக்காரன். எங்க வீட்டு ரத்தம் அப்படி."

"நம்பரை எங்கேயும் எழுதி வைக்கலையா?"

"போன்லதான் இருக்கேன்னு விட்டுட்டேன்."

அன்று வியாழன்.

"இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொந்த விஷயம் எதுவும் அதுல வைக்கக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கீங்களே."

அவளால் உட்கார முடியவில்லை. அறை சின்ன அறை, எழுந்தால் இரண்டு எட்டில் சுவர் வந்துவிடும். அந்த இரண்டு எட்டையே போய்ப் போய் வந்தாள். போன கட்டளையை ரத்து செய்ய வழி இருந்தது, ஆனால் அதற்கு மேலாளரும் சம்மதிக்க வேண்டும். தனி ஆளாக யாரும் அதைச் செய்யக்கூடாது என்று வைத்ததும் அவள்தான். மாடிக்குப் போய்க் கேட்டாள்.

மேலாளர் சாப்பாட்டுப் பெட்டியை மூடாமலே கேட்டார். "மூணு தடவை தப்பு நம்பர் போட்டிருக்கான்னு நீதானே சொல்றே?"

"ஆமா சார்."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தெரிஞ்சே ரத்து பண்ணேன்னு என்னால பதில் சொல்ல முடியுமா? நீ சொல்வியா?"

அவர் இடத்தில் அவள் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். இறங்கி வரும்போது அதுதான் அவளை அரித்தது.

"அண்ணா, காலையில போன இடமெல்லாம் சொல்லுங்க. கடைசியா போனை எங்க கையில எடுத்தீங்க?"

முதல் வீடு மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர். அடுத்து அக்கா தங்கை இருவர். மூன்றாவது, ஓர் அழகு நிலையத்தின் முதலாளியம்மா, கடையிலேயே எடுத்துக்கொள்ளச் சொன்னவர். நான்காவது வீட்டில் கட்டணம் முன்பே கட்டியாயிற்று, அதனால் போனைத் தொடவில்லை.

"அழகு நிலையத்துல சார்ஜ் இல்லன்னு சொருகினேன்" என்றார் யோசித்துக்கொண்டே. "எடுத்தேனா? எடுத்த மாதிரிதான் இருக்கு."

அழகு நிலையத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை போட்டாள். "கிளம்புங்க" என்றாள்.

கொசு அண்ணனின் ஸ்கூட்டரில் அவள் இதற்கு முன் ஏறியதில்லை. ரத்தக் குப்பிகள் குலுங்கக்கூடாது என்று பழகிய கை, மேடு பள்ளம் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டியது. பெட்டியைத்தான் அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்தோமே, கொஞ்சம் வேகமாகப் போகக்கூடாதா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சிக்னலில் நின்றபோதெல்லாம் தன் போனை எடுத்துப் பார்த்தாள். நிலுவையில். நிலுவையில். அந்தச் சொல் மாறிவிடக்கூடாதே என்று, தன் கட்டளை போய்ச் சேரக்கூடாதே என்று, வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.

அழகு நிலையத்தில் முடி உலர்த்தும் கருவி இரைந்துகொண்டிருந்தது. போன் மணி யாருக்கும் கேட்காததில் வியப்பில்லை. முதலாளியம்மா இரண்டு கையிலும் சாயம் பூசிய உறையோடு திரும்பினார்.

"என்ன, மறுபடியும் ரத்தமா? காலையிலதானே ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போனீங்க?"

"போனைத் தேடி வந்தேங்க."

"அட, அது உங்களுதா? அதோ, சார்ஜ் போடற பலகையில. யாரு விட்டுட்டுப் போனாங்கன்னு அப்பவே பார்த்தேன்."

பலகையில் கறுப்பு உறை போட்ட போன் ஒன்று இருந்தது. கொசு அண்ணன் தாவி எடுத்தார். "ஆன்ல இருக்கா?" என்று கத்தியேவிட்டாள். ஆனில்தான் இருந்தது. திரையில் ஒரு பூனை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

"இது என்னுது இல்ல" என்றார் அவர்.

உறை மட்டும் ஒரே மாதிரி. மூலைக்கு மூலை விற்கிற மலிவு உறை. எல்லா ஆட்களுக்கும் மொத்தமாக வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

அவர் கையில் இருக்கும்போதே அந்தப் போன் அடித்தது. சின்னக்கா என்று வந்தது. எடுக்கலாமா கூடாதா என்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலாளியம்மா முழங்கையால் தட்டி எடுத்துவிட்டார். மறுமுனையில் ஒரு பெண்.

"ஹலோ, அது என் போனுங்க. எங்க அக்கா போன்ல இருந்து பேசறேன். நீங்க யாரு? எங்க இருக்கு அது?"

"நீதானா? காலையில புருவம் திருத்த வந்த வேன் ஓட்டற பொண்ணுதானே? உன் போன் இங்கதான் இருக்கு."

"அங்கேயா? அப்ப நான் எடுத்துட்டு வந்தது யாருது? நான் நம்பரைப் போட்டா ஏத்துக்கவே மாட்டேங்குது. உன் சாதனம் பூட்டப்பட்டதுன்னு மிரட்டல் வேற வந்துச்சு. ஏதோ ஆஸ்பத்திரி படமெல்லாம் காட்டுச்சு. வைரஸ்தான் பூந்துடுச்சுன்னு ரிப்பேர் கடையில குடுத்துட்டேனே!"

அந்த மிரட்டலை எழுதினவள் போனை வாங்கிக்கொண்டாள். "அம்மா, எந்தக் கடை? கடைக்காரர் நம்பர் இருக்கா?"

"நம்பர் இல்ல. பேருந்து நிலையத்துக்குப் பின்னால, கண்ணாடிக் கடைக்கு மாடி ஏறற படி இருக்குல்ல, அதுக்கு அடியில. சார்ஜ் செத்துடுச்சு, முதல்ல ஏத்திட்டு ஆன் பண்ணிப் பாக்கறேன்னாரு."

"எப்ப குடுத்தீங்க?"

"இப்பதான், ஒரு டீ குடிக்கற நேரம் இருக்கும்."

இந்த முறை கொசு அண்ணன் மேடு பள்ளம் பார்க்கவில்லை. ஒருவழிப் பாதை என்றும் பார்க்கவில்லை. எதிரே வந்தவர்கள் அவர் வம்சத்தையே இழுத்துத் திட்டினார்கள். அவள் பின்னால் இருந்து எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டபடியே போனாள். திருடன் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்கு நிம்மதிப்பட நேரமில்லை.

படிக்கடியில் ஒரு பொந்து மாதிரி அந்தக் கடை. குனிந்துதான் பார்க்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் கடைக்காரர் ஒரு கையால் வேறு ஏதோ போனின் வயிற்றைத் திறந்துகொண்டிருந்தார். இன்னொரு கை, சார்ஜ் வடத்தில் சொருகியிருந்த கறுப்பு உறைப் போனை எடுத்தது. கட்டைவிரல் ஓரத்துப் பொத்தானில் போய் நின்றது.

"கையை எடுங்க!"

அது தன் குரல்தான் என்பதே அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. கடைக்காரர் போனை மேஜையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. சார்ஜ் மட்டும்தான் போட்டேன்."

அவள் அடையாள அட்டையைக் காட்டினாள். போனின் பின்புறம் பொறித்திருந்த எண்ணைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டினாள். குறித்து வந்திருந்த அக்கா எண்ணில் வேன் ஓட்டும் பெண்ணையும் கூப்பிட்டுப் பேச வைத்த பிறகுதான் அவர் கையை இறக்கினார். வடத்தை உருவிப் போனை நீட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது.

கொசு அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். உடனே அவள் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப ஆன் பண்ணா?"

"சிக்னலைத் தேடும். கிடைச்ச உடனே அழிஞ்சுடும்."

"சிம்மைக் கழட்டிட்டுப் பண்ணா?" என்று கேட்டார் கடைக்காரர். ஒருவழியாக அவருக்கும் இதில் ருசி தட்டியிருந்தது.

"கழட்டற சிம் இல்ல. உள்ளேயே பதிச்சது. திருடன் கழட்டிடக்கூடாதுன்னு நான்தான் கேட்டு வாங்கினேன்."

"திறந்த கையோட ஃப்ளைட் மோடு போட்டா?"

"நம்பரைப் போட்டுத் திறக்கறதுக்குள்ள நெட்டு வந்துடும். பூட்டின திரையில அதைத் தொட முடியாது. அதுவும் நான்தான்."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். "அலுமினியத் தாள்ல சுத்திட்டா சிக்னல் உள்ள போகாதுங்க. நான் பண்ணிப் பாத்திருக்கேன்."

"சுத்திட்டா திரையை எப்படிப் பாக்கறது?"

"அதுவும் சரிதான். ஆளையும் சேர்த்துச் சுத்தணும்."

அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அவள் அப்படியே நின்றாள். ஆளையும் சேர்த்து. அலுவலகத்துத் தரைத்தளத்தில் எக்ஸ்ரே எடுக்கும் அக்காவுக்கு வீட்டிலிருந்து போன் வந்ததாக அவள் பார்த்ததே இல்லை. அந்த அக்கா எப்போதும் நடைவழிக்கு ஓடிவந்து, தவறிய அழைப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சுவருக்குள் ஈயத் தகடு. கதவிலும் ஈயம்.

"வாங்க அண்ணா" என்றாள்.

போகிற வழியெல்லாம் மனசுக்குள் வழக்கு நடத்தினாள். கட்டளையை நான் ரத்து செய்யவில்லை. போன் அழியத்தான் போகிறது. அழிவதற்கு முன்னால், யார் கையில் கொடுத்த போனோ அவரே தன் பூட்டு எண்ணைப் போட்டுத் திறக்கிறார். கடைக்காரர் உள்ளே கை வைக்கவில்லை. இப்படியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் சரியாகவும் இருந்தது, எல்லாமே சப்பைக்கட்டாகவும் இருந்தது. அறிக்கையில் இதை எழுதியே ஆகவேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்துகொண்டாள். எழுதத் துணிகிற காரியமானால் செய்யலாம்.

எக்ஸ்ரே அறை வாசலில் கணுக்கால் வீங்கிய ஒருவர் சக்கர நாற்காலியில் காத்திருந்தார்.

"அக்கா, ஒரு பத்து நிமிஷம் அறையைக் குடுங்க."

"எதுக்கு? யாருக்கு எலும்பு உடைஞ்சுது?"

"உடையாம இருக்கத்தான்."

எக்ஸ்ரே அக்கா கொசு அண்ணனின் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, ஒதுங்கி நின்றார். "சீக்கிரம். இவர் வலியில இருக்கார்."

கனமான கதவை இழுத்துச் சாத்தியதும் வெளியே கேட்ட சத்தம் வெட்டி எடுத்ததுபோல் நின்றது. அவள் முதலில் தன் போனைப் பார்த்தாள். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அறையின் நான்கு மூலைக்கும் போய்ப் பார்த்தாள். இல்லை. "இங்க நில்லுங்க, கதவுகிட்ட வராதீங்க" என்று அவரை எக்ஸ்ரே மேஜைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாள். "இப்ப போடுங்க."

திரையில் பரிசோதனைக்கூடத்தின் சின்னம் வந்தது. எண் கேட்டது. அவர் போட்டார். தவறான எண்.

"அண்ணா! ஏற்கனவே மூணு தப்பு இருக்கு. இது நாலு. அஞ்சு ஆச்சுன்னா அதுவே பூட்டிக்கும், நானே நினைச்சாலும் திறக்க முடியாது."

"கை நடுங்குது மேடம்."

"ஊசி போடறப்ப நடுங்காத கைதானே? நரம்பைத் தேடற மாதிரி நினைச்சுக்கங்க."

அவர் கையைச் சட்டையில் துடைத்தார். மூச்சை இழுத்து விட்டார். ஒவ்வோர் எண்ணாக, சொல்லிச் சொல்லிப் போட்டார். திறந்தது.

முதலில் தம்பியின் எண்ணை எடுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் செய்தியை அழுத்திவிட்டது. அந்த வெற்று அறையில் குரல் கணீரென்று எழுந்தது.

"அண்ணா, நான்தான். உன் படத்தைப் போட்டிருந்தாங்க, பார்த்தேன். ரத்தம் எடுக்கறியாமே. சின்ன வயசுல முழங்கால்ல சிராய்ப்புன்னாலே மயங்கி விழுவே... தலையெல்லாம் கொட்டிப்போச்சு உனக்கு. அம்மா எப்படி இருக்காங்க? கேட்டேன்னு சொல்ல வேணாம். இல்ல, சொல்லு. வெள்ளிக்கிழமை கப்பல்ல ஏறறேன், சமையல் வேலை. அதுவரைக்கும் இந்த நம்பர்தான். கூப்பிடணும்னு தோணினா கூப்பிடு. இல்லன்னா பரவால்ல. நான் மறுபடி தொந்தரவு பண்ண மாட்டேன்."

அவர் எக்ஸ்ரே மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்து குப்பிகளில் ஒட்டும் சீட்டுச் சுருளை எடுத்து, பேனாவையும் கையில் திணித்தாள். "எழுதுங்க. நான் படிக்கறேன்." படித்தாள். அவர் எழுதினார். திரும்ப அவரைப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள். சீட்டை உரித்து அவர் சட்டையிலேயே ஒட்டிவிட்டார்.

"மேடம், குரலை எடுத்துக்க முடியாதா? அம்மா கேட்டா..."

எதை வைத்து எடுப்பது என்று ஒரு கணம் தேடினாள். பிறகு தன் சொந்தப் போனில் பதிவை முடுக்கி அருகே பிடித்தாள். அவர் மறுபடி செய்தியை ஓடவிட்டார். பாதியில் எக்ஸ்ரே அக்கா கதவைத் தட்டினார். "அம்மா எப்படி இருக்காங்க" என்ற இடத்தில் அந்தத் தட்டலும் சேர்ந்து பதிவாயிற்று.

கதவைத் திறந்தார்கள். நடைவழியில் நான்கு எட்டு வைத்திருப்பார்கள். அவர் கையில் போன் ஒருதரம் அதிர்ந்தது. திரை வெளுத்து, பிறகு கறுத்து, நடுவில் ஒரு வளையம் சுற்றத் தொடங்கியது. இருவரும் சுவரோரம் நின்று அதையே பார்த்தார்கள். வளையம் நின்றதும் போன் பிறந்த குழந்தைபோல் எல்லா மொழியிலும் வணக்கம் சொல்லி, உங்கள் மொழி எது என்று கேட்டது. அவர் அதை அவளிடம் கொடுத்துவிட்டார்.

அவள் மேஜையில் இருந்த கம்பி போனில் எண்ணைச் சுழற்றினார்கள். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. மறுபடியும். இந்தத் தடவை வேறு அழைப்பில் பேசிக்கொண்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. அவர் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்தார். மத்தியானம் அவள் நடந்த அதே இரண்டு எட்டு. அவள் அறிக்கையைத் திறந்து ஒரு வரி எழுதினாள், அழித்தாள். "நடக்காதீங்க அண்ணா, தலை சுத்துது" என்றாள். உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

"எண்ணைத் தப்பா எழுதிட்டேனோ?"

"ரெண்டு தடவை பார்த்தாச்சு."

"இன்னிக்கே கப்பல் ஏறிட்டானோ?"

"கப்பல்ல ஏறினவன் யார்கூட அண்ணா பேசிட்டிருப்பான்? போடுங்க."

போட்டார். எடுத்தார்கள். கம்பிக்குள் இரைச்சல் மட்டும் கேட்டது.

"யாரு?" என்றது அந்தப் பக்கம்.

"நான்தான்டா."

மறுபடி இரைச்சல். பிறகு, "ரெண்டு நாளாச்சு. சரி, நீ கூப்பிட மாட்டேன்னு நினைச்சேன்."

"போன் தொலைஞ்சுபோச்சுடா" என்றார் கொசு அண்ணன். அவள் எழுந்து வெளியே போய், பஞ்சும் ஊசியும் அடுக்கிய சாமான் அறையில் நின்றுகொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவது வெகுநேரம் கேட்டது. ஒரு கட்டத்தில் குரல் உயர்ந்தது, சண்டை மாதிரி. பிறகு சிரிப்பு மாதிரி ஏதோ.

சாயங்காலம் வீட்டில் அவள் சமையலறைக்கும் கூடத்துக்குமாக அலைந்ததைப் பார்த்துப் புருஷன் கேட்டான், "என்ன, கால்ல சக்கரம் கட்டிட்டு வந்தியா?" நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "அறிக்கையில எல்லாத்தையும் எழுதினியா?" என்றான்.

"எழுதிட்டேன்."

"ஈய அறையையுமா?"

"அதையும்தான்."

"அப்ப நாளைக்கு உனக்கு இருக்கு" என்றான். இருந்தது. மேலாளர் முழுசாகப் படித்துவிட்டு, ஓட்டையைக் கண்டுபிடிக்கத்தான் உன்னை வைத்திருக்கிறோம், அதில் புகுந்து போக இல்லை என்றார். அவளுக்கும் கொசு அண்ணனுக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது, வாங்கிக்கொண்டாள். அதே கையோடு ஒரு யோசனையையும் மேஜையில் வைத்தாள். போனுக்குள்ளேயே வேலைக்கு ஒரு பகுதி, ஆளுக்கு ஒரு பகுதி என்று பிரித்துவிடலாம். அழிக்கும்போது வேலைப் பகுதி மட்டும் அழியும். மேலாளர் இதனால் காசுக்கு ஆபத்து உண்டா என்று நாலைந்து விதமாகக் கேட்டார். இல்லை என்று நாலைந்து விதமாகச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

கொசு அண்ணனின் தம்பி அந்த வெள்ளிக்கிழமை கப்பல் ஏறத்தான் செய்தான். அதை மாற்ற முடியவில்லை. ஏறுவதற்கு முன் அம்மாவிடம் பேசினான். முதலில் அம்மாவுக்குப் பதிவான குரலைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், அவள் நம்பவில்லை, போனில் அவனே பேசிய பிறகும் பாதிதான் நம்பினாள். மாதங்கள் கழித்துத்தான் விடுப்பில் வந்தான்.

அதைக் கொசு அண்ணன் சொன்னது, புதிய ஏற்பாட்டில் அவர் போனைப் பிரித்து அமைக்க அவள் மேஜைக்கு வந்த அன்று. விரல் ரேகை பதிக்கக் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"வந்தான் மேடம். வாசல்லயே நின்னான், உள்ள வாடான்னு நான் சொல்லணுமாம். சொன்னேன். ஒரு மணி நேரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் அம்மா மருந்தை எந்த வேளைக்கு எது குடுக்கறதுன்னு எனக்கே பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டான். நான் விடுவேனா? வாய்ச்சண்டை."

"ஐயோ. கிளம்பிப் போயிட்டாரா?"

"எங்க போறது? அம்மா கட்டிலுக்குக் கீழ பாயைப் போட்டுத் தூங்கிட்டு இருக்கான். எழுப்பினா என்கூடப் பேச மாட்டேங்கறான். அம்மாதான் இப்ப என்கூடப் பேசறாங்க, அவனைத் திட்டாதேன்னு."

"விரலை எடுத்துட்டு மறுபடி வைங்க அண்ணா" என்றாள் பூட்டு மேடம். "ரேகை சரியா விழல."